விரல் இறுக்கம்

ரெமோ பலூச்சி வாசற்படியில் வைத்துவிட்டுப் போனது
இரண்டு வாளி.
நாளை ஓஹையோ முழுக்க உறைபனி என்று வானொலி சொன்னதாம்,
செடியில் விட்டால் எல்லாம் கூழாகுமாம்.
மஞ்சள் நீள மிளகாய், பழுத்துச் சிவந்த சில,
அடியில் அவர் பெயரே வைக்காத குட்டைப் பிசாசுகள்.
சீட்டில் ஒரே வரி:
"காலி ஜாடிகளைத் திருப்பித் தரவும்."

எனக்குப் பணி ராத்திரி பதினொன்றுக்கு,
அவசர அழைப்பு அறையில், நான்காம் மேசை.
அதற்குள் முடித்துவிடலாம் என்று
கத்தியை எடுத்தேன், கையுறையை எடுக்கவில்லை.
இழுப்பறையில்தான் இருந்தது. சோம்பல், வேறென்ன.

வளையம் வளையமாய் நறுக்கினேன்.
விதைகள் நகக்கண்ணில், மணிக்கட்டில், மின்சார ரசீதில்.
காடியும் தண்ணீரும் சரிக்குச் சரி.
ஐந்து சதம் புளிப்பு இருக்கிறதா என்று
லேபிளை இரண்டு முறை படித்தேன்.
புளிப்பு குறைந்தால் ஜாடிக்குள் நஞ்சு பிறக்கும்,
நிறம் மாறாமல், நாற்றம் காட்டாமல்,
நல்ல பிள்ளைபோல் உட்கார்ந்திருக்கும்.

கழுத்தில் அரை அங்குலம் காலி விட வேண்டும்.
விளிம்பைத் துடைக்க வேண்டும், ஒரு விதை ஒட்டியிருந்தாலும் போச்சு.
வளையத்தைத் திருகுவது விரல் நுனி பலத்தில்.
முஷ்டி வேண்டாம்.
கொதிநீருக்குள் ஜாடி மூச்சுவிட வேண்டும்,
உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும்.
என் முன்னாள் கணவன் கிரெக் எதையும் முறுக்கித்தான் மூடுவான்.
இந்த வீட்டில் இன்னும் இரண்டு குழாய்கள் திறப்பதில்லை.

பத்து நிமிடக் கொதி. பன்னிரண்டு ஜாடி, துண்டின் மேல்.
ஆற ஆற மூடி உள்வாங்கும்,
டிங் என்று ஒரு சத்தம்.
காது கொடுத்து நின்றேன், பழகிய காது.
டிங். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
டிங், டிங்.
கோட்டு மாட்டும்போது ஐந்து.
சாவி தேடும்போது ஆறு.
மீதியை இருட்டிடம் விட்டுப் புறப்பட்டேன்.

கைக்கு மூன்று தடவை சோப்பு, ஒரு தடவை பால்.
இரண்டு நாற்பதுக்கு அழைத்தவர் பெயர் எம்மெட் ஹர்லா.
மனைவி சமையலறைத் தரையில்.
மூச்சு? தெரியவில்லை. இல்லை. தெரியவில்லை.
மார்பின் நடுவில் கையை வையுங்கள் என்றேன்,
நான் எண்ணுகிறேன், நீங்கள் அழுத்துங்கள்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
எங்கோ இருபத்தேழில் கண்ணோரம் அரித்தது,
நினைக்காமல் தேய்த்துவிட்டேன்.

வாளி இரண்டும் கண்ணுக்குள் கவிழ்ந்தன.
திரை கரைந்தது, வரைபடம் கரைந்தது,
மூக்கு ஒழுகி, குரல் உடைந்து,
எண்ணிக்கையை மட்டும் விடவில்லை.
ஒன்று, இரண்டு.
இரைக்க இரைக்க அந்தப் பக்கத்திலிருந்து அவர் சொன்னார்:
"அழாதேம்மா. அழாதே. எண்ணு."

மிளகாய் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்ல நேரமில்லை.
ஆறு நிமிடத்தில் வண்டி. கதவுச் சத்தம், பூட்ஸ் சத்தம்,
யாரோ போனை வைத்துவிட்டார்கள்.
அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பதை
எங்கள் மேசைக்கு யாரும் சொல்வதில்லை.
மேற்பார்வையாளர் டானெல் தண்ணீர் நீட்டினார்,
பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னார்,
தோளில் கை வைத்தார். அவரிடமும் சொல்லவில்லை.
கழுவிக் கழுவி எரிச்சல் அடங்கிற்று.
கண் மட்டும்
அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை.

விடியலில் ரெமோவின் செடிகள் கறுத்துத் தொங்கின.
கோட்டைக் கழற்றாமல்
ஒவ்வொரு மூடியாய் நடுவில் அழுத்தினேன்.
பதினொன்று அசையவில்லை.
ஒன்று மட்டும் டொக்கென்று இறங்கி டொக்கென்று எழுந்தது.
அதைத் திறந்து நின்றபடியே ஒரு வளையம் தின்றேன்,
இன்னும் ஊறாத பச்சை வாசனை,
மீதியைக் குளிர்பெட்டியில் வைத்தேன், முதலில் தீர்க்க.

லேபிளில் தேதி எழுத வேண்டும்.
எழுதினேன்,
தேதிக்குக் கீழே, பதினொன்றிலும், இரண்டு நாற்பது.
ரெமோ கேட்டால்
அடுப்பை அணைத்த நேரம் என்பேன்.